பயணச் சான்றும் பிரசாவுரிமையும்: ஊவாத் தோட்டத் தமிழர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் எல்லையைக் கடத்தற்கு உரிமை உடையராதல் வேறு. அவ்வுரிமை தம்பால் உண்டென்பதை வேண்டிய இடத்தில், உரிய அலுவலர் முன் நிலைநாட்டுதல் வேறு. பெரும்பாலான பயணிகளுக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் சில நிமிட நேரமே. ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டத் தமிழருக்கோ அது சில தலைமுறைத் தூரமாயிற்று. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை முதலிய இடங்களில் வாழ்ந்தோர் கைக்கொண்ட பயணப் பத்திரங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, அப்பத்திரங்கள் பயணத்திற்கு உதவியதோடு அமையாமல், பிற்காலத்தில் அவர்தம் குடியிருப்பையே ஐயத்துக்குரியதாக்கும் கருவிகளாகவும் பயன்பட்டமை புலனாகும்.

கொழும்புக்கும் சென்னைக்குமிடையே வானூர்தியிற் செல்வோர் மின்னணுப் பயண அனுமதி என்பதை நன்கறிவர். இலங்கை இம்முறையை 2012 சனவரி 1ஆம் திகதி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. இந்தியா 2014இன் இறுதியில் இத்தகைய முறையைத் தொடங்கி, 2015 ஏப்பிரலில் இலங்கையரையும் அதனுட் சேர்த்துக்கொண்டது. இவ்வனுமதி கடவுச்சீட்டின் பக்கத்தில் ஒட்டப்படும் தாள் அன்று. விண்ணப்பித்தவரின் கடவுச்சீட்டு இலக்கத்தோடு பிணைக்கப்பட்டு அரசின் கணினியில் இருக்கும் ஒரு பதிவாகும். பயணி கையிற் கொண்டுசெல்வது அப்பதிவு பற்றிய அறிவித்தலின் ஒரு பிரதி மட்டுமே. அதனை முதலிற் கேட்பவரும் குடிவரவு அலுவலர் அல்லர். புறப்படும் நிலையத்திற் பயணப்பொதியை நிறுக்கும் விமான நிறுவன ஊழியரே கேட்கின்றார். உரிய பத்திரமின்றி வந்திறங்கும் ஒருவரைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பொறுப்பை 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்பு விமான நிறுவனத்தின் மேற் சுமத்தியுள்ளது. ஆதலின் நிறுவனங்கள் இதிற் கடுமை காட்டுகின்றன. கடவுச்சீட்டைப் புதுப்பித்ததால் இலக்கம் மாறியிருப்பினும், விண்ணப்பத்தில் ஓரெழுத்துப் பிறழ்ந்திருப்பினும், அனுமதி பெற்ற ஒருவரே அனுமதியற்றவராகத் தோன்றிவிடுவார்.

சான்றின் மூலம் பிறரிடத்தே இருத்தலும், ஆட்களை ஏற்றிச் செல்வோரே காவலராக அமர்த்தப்படுதலும் கணினியுகத்தின் புதுமைகள் என்று கருதுதல் பொருந்தாது. நூறாண்டுக்கு முன்னரே தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் இவை நடைமுறையில் இருந்தன.

தமிழகத்துத் தொழிலாளர் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிய காலத்தில் அவர்களிடம் பத்திரம் எதுவும் பெரிதாக வேண்டப்படவில்லை. இந்தியத் தொழிலாளர் கடல் கடந்து செல்வதற்கு 1839இல் விதிக்கப்பட்ட தடை, இலங்கையைப் பொறுத்தமட்டில் 1847இல் நீக்கப்பட்டது. மொரீசியசு, பீஜி, நேற்றால் முதலிய தேசங்களுக்குச் சென்றோர் ஒப்பந்தத்திற் கட்டுண்டு கப்பலேறினர். இலங்கைக்கு வந்தோர் கங்காணியின் பின்னே நடந்து வந்தனர். ஒப்பந்த முறையின் கொடுமை யாவரும் அறிந்ததே. எனினும் அம்முறை ஒன்றைச் செய்தது: சென்றவரின் பெயர், தந்தை பெயர், ஊர், கப்பல், இறங்கிய நாள் ஆகியவற்றை ஏட்டில் எழுதிவைத்தது. 1870களில் மடுல்சீமைக்கு நடந்து வந்த ஒருவரைப் பற்றி அத்தகைய தனியாள் ஏடு கிடைத்தல் அரிது. வருகையில் இருந்த இந்த எளிமையே அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குக் கேடாய் முடிந்தது.

பத்திரங்களின் ஆட்சி முதலிற் கடலில் தொடங்கவில்லை. தோட்டத்திற்கும் தோட்டத்திற்கும் இடையிலேயே தொடங்கிற்று. கங்காணியும் அவன் கூட்டமும் ஹாலிஎலப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து பசறைப் பகுதிக்கு மாறிச் செல்வதாயின் தோட்டத்துரை எழுதித்தரும் 'துண்டு' வேண்டும். இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இக்கூட்டத்தை விடுவிக்கலாம் என்பது அதன் வாசகத்தின் சாரம். தொழிலாளி யார் என்பதை அக்கடதாசி கூறவில்லை. அவன்மீது எவ்வளவு கடன் உண்டு என்பதையே கூறிற்று. துண்டை வைத்துக் கடன் எழுப்பிய கங்காணிமாரும் உண்டு. 1921ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டம் இம்முறையை ஒழித்தது. அதன் பின்னும் தோட்டத்தை விட்டு விலகுபவர் 'பற்றுச்சீட்டு'ப் பெற்றே வேறு தோட்டத்திற் பெயர் பதியவேண்டியிருந்தது. தோட்ட மக்களின் பேச்சில் அச்சொல் வேலைநீக்கத்தையே குறிக்கலாயிற்று என்பது கவனித்தற்குரியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1901, 1902ஆம் ஆண்டுகளில், தகரத் துண்டு முறை வந்தது. சிறு தகரவட்டில் ஒன்றில் தோட்டப் பகுதியைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் இலக்கமும், தொழிலாளியின் இலக்கமும் பொறிக்கப்பட்டன. தோட்டத்திலிருந்து அனுப்பப்படும் இவ்வட்டில்களைக் கங்காணி ஊரிற் சேர்த்த ஆட்களுக்கு வழங்குவான். அவர்கள் அதனைக் கயிற்றிற் கோத்து அணிவர். தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாமிலிருந்து கப்பலிலும் இரயிலிலும் தோட்டம் வரை பயணச் செலவு ஏதும் கேட்கப்படாது. செலவு பின்னர் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். வசதியான முறைதான். ஆயினும் அவ்வட்டில் மனிதனை அடையாளங் காட்டிற்றா, பொதியின் மேல் ஒட்டும் முகவரிச் சீட்டைப் போலப் பொருள் சேரவேண்டிய இடத்தைக் காட்டிற்றா என்ற வினா எழாமல் இராது. அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை. பயணம் முடிந்ததும் அது பயனற்றுப் போயிற்று. பிற்காலத்திற் பிரசாவுரிமை விசாரணையில் ஒருவர் காட்டத்தக்க சான்றாக அது அமையவில்லை.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியபின், மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமே தோட்டங்களுக்கான வாயிலாயிற்று. அங்கு ஆட்கள் சில நாள் தடுத்துவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, கொழுக்கிப்புழு நோய்க்கு மருந்தூட்டப்பட்டுப் பின்னர் அனுப்பப்பட்டனர். இந்திய மண்ணில் இருந்துகொண்டே இலங்கை அரசு தனக்கு வேண்டிய ஆட்களைத் தெரிந்து ஏற்றியது என்பது இதன் பொருள். எல்லையைப் பயணியின் புறப்பாட்டு நிலையத்திற்கே கொண்டுசெல்லும் இற்றைநாள் முறைக்கு இதனைவிடத் தெளிவான முன்னோடியை இப்பகுதியிற் காண்பது அரிது. 1894இற் பண்டாரவளையை எட்டிய இரயில் பாதை 1924 பெப்ரவரியில் பதுளையை அடைந்தபோது, மண்டபத்து முகாமும் ஊவாவின் கடைக்கோடியும் ஒரே வழியில் இணைந்தன.

இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டம் ஆட்சேர்ப்பை ஒழுங்குபடுத்தியது. கங்காணிக்கு அனுமதிப்பத்திரமும், சேர்க்கப்பட்டவர் மனமொப்பிச் செல்கின்றார் என்ற கிராம அலுவலரின் அத்தாட்சியும் வேண்டப்பட்டன. மக்கள் அடிக்கடி ஊருக்குச் சென்று திரும்பினர். திருமணம், இறப்பு, குலதெய்வ வழிபாடு, ஊரிலிருந்த துண்டு நிலத்தின் வழக்கு என்று காரணங்கள் பல. இலங்கை அரசு நாட்கூலி பெற்ற இந்தியரைப் பதவி நீக்கியதை எதிர்த்து, 1939 ஆகத்து 1ஆம் திகதி இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. நோக்கம் தொழிலாளர் நலனாயினும், ஊருக்கு வந்து திரும்ப விரும்பியவரையும் அத்தடை தாக்கிற்று. போர்க்காலத்தில் அது தளர்த்தப்பட்டதாயினும், கடல் கடத்தல் இனி எவருக்கும் இயல்பான செயல் அன்று என்பது உறுதியாயிற்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழுபேர் நாடாளுமன்றம் புகுந்தனர். பதுளையிலிருந்து சென்ற எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வமைப்பின் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை. இடையில் நிகழ்ந்தவை மூன்று சட்டங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குடிவரவையும் குடியகல்வையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் விண்ணப்பித்துப் பிரசைகளாகப் பதிவுபெற வழி வகுத்தது.

கடைசிச் சட்டம் தாராளமானது என்று அக்காலத்திற் பலரால் வாதிக்கப்பட்டது. அதன் உள்ளீட்டை நோக்கின் வேறு தோற்றம் கிடைக்கின்றது. மணமானவர் 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்திருக்கவேண்டும். அதன் பின் விண்ணப்பிக்கும் நாள்வரை அத்தொடர்ச்சி அறுபடலாகாது. ஒருமுறை வெளிநாடு சென்று பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியவருக்குத் தொடர்ச்சி அறுந்ததாகும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இங்கேயே வாழ்ந்தமையையும் காட்டவேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆதாரம் எங்கிருந்தது? தோட்ட அலுவலகத்தில். தொழிலாளியின் நாட்பேர் எழுதப்படும் 'செக்ரோல்' துரையின் உடைமை. பிள்ளை பிறந்தமையை அறிவிப்பதும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு. ஒரே பெண் ஒரு பதிவில் லெட்சுமி, இன்னொன்றில் இலட்சுமி, மற்றொன்றில் வீட்டுப் பெயராற் குறிக்கப்பட்டவள். தந்தை பெயரையும் தன் பெயரையும் இடம் மாற்றி எழுதிய கிளாக்கர்மார் உண்டு. தோட்டம் கைமாறினாலோ, ஏடு கறையானுக்கு இரையானாலோ, ஒருவர் வாழ்ந்த இருபதாண்டு இல்லாதொழியும்.

பயணப் பத்திரத்தின் தீமை இங்குதான் முழுமையாக வெளிப்பட்டது. ஊருக்குச் செல்ல விரும்பியவர் பயணம் செய்து திரும்புவதற்காக ஓர் அனுமதியைப் பெறுதல் வேண்டும். தற்காலிக வதிவிட அனுமதிப்பத்திரம் பெற்றவர் தம்மைத் தற்காலிகமானவர் என ஒப்புக்கொண்டவராயினர். இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர் இந்தியரென அறிவித்தவராயினர். இங்கு நிலையாகக் குடியமரும் எண்ணம் உண்டா என்பதை ஆராய்ந்த விசாரணைகளில், ஊருக்குச் சென்ற பயணங்களும் ஊருக்கு அனுப்பிய பணமும் எதிர்ச்சான்றாக எடுக்கப்பட்டன. தாயின் ஈமக்கடனைச் செய்யச் சென்ற மகன், அச்செலவினாலேயே இந்நாட்டின்மேற் பற்றில்லாதவனாகக் கணிக்கப்படலாயினான். லண்டனுக்குப் படிக்கச் சென்று ஐந்தாண்டு தங்கிய கொழும்புக் கனவானைப் பற்றி எவரும் இவ்வாறு வினவவில்லை. 1951 ஆகத்து 5ஆம் திகதிக்குள் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை உள்ளடக்கிச் சமர்ப்பிக்கப்பட்டன. இறுதியிற் பிரசைகளாகப் பதிவுபெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே.

1954 சனவரியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் புதுடில்லியிற் செய்துகொண்ட உடன்பாட்டில் ஒரு விதி இடம்பெற்றது. அது பெரும்பாலான வரலாற்று நூல்களில் ஒரு வரியில் கடந்துசெல்லப்படுகின்றது. அவ்வாறு கடந்துசெல்லத் தக்கதன்று. வாக்காளர் இடாப்பில் இல்லாத வயதுவந்தோர் அனைவரையும் பதிவுசெய்யும் ஓர் இடாப்பை இலங்கை அரசு தயாரிக்கும். அது முடிவுற்றபின், அதிற் பெயர் இல்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின் அவர் சட்டவிரோதமாகக் குடிபுகுந்தவர் என்று அனுமானிக்கப்படுவார் என்பது அவ்விதி. ஒருவர் களவாக வந்தார் என்பதை அரசு நிறுவவேண்டியதில்லை. வரவில்லை என்பதை அவரே நிறுவவேண்டும். பேசும் மொழியே முதற்சாட்சி. சித்திரவதையோ ஆயுதமோ இன்றி, ஒரு வாக்கியத்தாலேயே ஒரு மக்கட்கூட்டம் முழுவதும் ஐயத்துக்குரியதாக்கப்பட்டது. 'கள்ளத்தோணி' என்னும் வசைச்சொல் இக்காலத்திற் பெற்ற பரவலையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும். பதுளைக் கடைத்தெருவிற் பத்திரமின்றி அகப்பட்ட தொழிலாளி ஒருவன், தான் பிறந்த லயத்துக்குத் திரும்பிச் செல்வதற்கே சான்று காட்டவேண்டியவனாயினான்.

1964 ஒக்தோபர் 30ஆம் திகதி கையொப்பமான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோர் 975,000 பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 525,000 பேர். இலங்கைக்கு 300,000 பேர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்பங்கீடு பற்றி அம்மக்களின் தலைவர்களிடமும் உரியவாறு கலந்துபேசப்படவில்லை. கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்தோருக்குக் கடவுச்சீட்டும் 'குடும்ப அட்டை'யும் வழங்கப்பட்டன. இக்குடும்ப அட்டை ஒரு தனித்தன்மை வாய்ந்த பத்திரம். கடவுச்சீட்டுக் கடலைக் கடப்பதற்கு. குடும்ப அட்டை கடந்தபின் வாழ்வதற்கு. உதவிப்பணம், கடன், வேலை ஆகிய மறுவாழ்வு உதவிகள் யாவும் அதை வைத்தே கிடைக்கும். எனவே அட்டையை இழந்தவர் நாட்டையும் உதவியையும் ஒருங்கே இழந்தார். எழுத்தறியாதவரிடம் அட்டையை ஈடாகவோ விலைக்கோ பெற்றுக்கொண்ட இடைத்தரகர்களின் செயல், தமிழகத்தில் இவர்தம் வாழ்வை ஆராய்ந்தோர் பலராலும் குறிப்பிடப்பட்டது.

புறப்பாடும் எளிதாயில்லை. ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் கைக்கு வருமுன் வதிவிட விசா முடிவுறும். விசா முடிந்தவர் வெளியேற்றத்துக்கு உள்ளாவார். ஒரே குடும்பத்தில் தந்தை இந்தியப் பிரசை, மணமான மகள் இலங்கைப் பிரசை என்றும் அமைந்தது. பதுளை நிலையத்திற் புறப்பட்ட இரயில் ஒவ்வொரு மலைநாட்டு நிலையத்திலும் மேலும் மேலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு சென்றது. தலைமன்னார் செல்வோரை ஏற்றிய வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. 1964 திசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டமையால், கப்பல் இராமேசுவரத்தில் இறக்கியது. அங்கிருந்து அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடம் மண்டபம் முகாம். பாட்டனாரைத் தடுத்துவைத்து அம்மைப்பால் குத்தி அனுப்பிய அதே முகாமிற் பேரப்பிள்ளைகள் குடும்ப அட்டையுடன் வரிசையில் நின்றனர்.

1970களின் உணவுப் பஞ்சமும், 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும் செல்வோர் தொகையைக் கூட்டின. 1983 யூலையிற் பதுளை நகரும் எரியூட்டலுக்குத் தப்பவில்லை. அதனைத் தொடர்ந்த போர்ச்சூழலிற் கப்பற் சேவை நின்றது. அவ்வேளை இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்தும் புறப்படாதோர் பல்லாயிரவர் தோட்டங்களிற் தங்கினர். கையில் இருந்த பத்திரத்தின்படி அவர்கள் வேற்று நாட்டவர். செல்வதற்குக் கப்பலோ இல்லை. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோரிற் பெரும்பகுதியினருக்கு உரிமை அளித்தன. 2003 ஒக்தோபர் 7ஆம் திகதி நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்தோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. இந்தியக் கடவுச்சீட்டை வைத்திருந்தவரும் ஒரு பிரகடனப் பத்திரத்தால் அதனைப் பெறலாயினர். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகத்தின் துணையுடன் தோட்டத் தொழிற்சங்கங்களும் தொண்டர்களும் உழைக்க, பத்து நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரசைகளாயினர். ஐம்பதாண்டு விசாரணைகளால் தீராத ஒன்று பத்து நாளில் தீர்ந்தமை, சான்று இல்லாமை மக்களின் குறையன்று, கேட்டவரின் விருப்பமின்மையே என்பதைக் காட்டுகின்றது.

அச்சட்டத்திலும் பழைய முள் ஒன்று எஞ்சியிருந்தது. 1964 முதல் இடையறாது வாழ்ந்திருத்தல் என்னும் நிபந்தனையால், வன்செயலுக்கு அஞ்சித் தமிழக முகாம்களுக்கு ஓடியோர் விலக்குண்டனர். உயிர் தப்பச் செய்த பயணமும் தொடர்ச்சியை அறுத்த பயணமாகவே கொள்ளப்பட்டது. 2009ஆம் ஆண்டின் திருத்தம் இதனை நீக்கியது. பிரசாவுரிமை பெற்றோர்க்கும் தேசிய அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் உடன் கிடைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் இருந்த பழைய எழுத்துப் பிழைகள் மீண்டும் தலைதூக்கின. வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்ற பலர் முதலிற் பயணம் செய்தது கச்சேரிக்கும் பதிவாளர் அலுவலகத்துக்குமே.

1960களிலும் 1970களிலும் சென்றோரிற் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைத் தொழிலையே பற்றி வாழ்ந்தனர். அவர்களுள் முதியோர் சிலருக்குப் பிறந்த தோட்டத்தையும் அங்கு விட்டுவந்த உடன்பிறந்தோரையும் காணும் வேட்கை நீங்கவில்லை. 2012 முதல் அவர்கள் இலங்கை வருவதற்குப் பெறவேண்டியது மின்னணுப் பயண அனுமதி. 2024 ஏப்பிரலில் இதன் நிருவாகம் வெளிநாட்டு நிறுவனங்களிடம் விடப்பட்டு, ஆகத்தில் உயர் நீதிமன்றம் இட்ட இடைக்காலத் தடைக்குப் பின் பழைய முறை மீண்டமை இடையில் நேர்ந்த ஒரு குழப்பம். அனுமதி பெறுவது முன்னைய விசாரணைகளோடு ஒப்பிடின் மிக எளிது. ஆயினும் பெயரை எவ்வாறு எழுதுவது என்னும் தொல்லை விடவில்லை. ஒற்றைப் பெயருடையவர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை நிரப்புவது என மயங்குகின்றார். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தும் விண்ணப்பத்தில் உள்ள எழுத்தும் ஒத்திராவிடின் சென்னையில் விமானமேறுமுன்னரே நிறுத்தப்படுவார். ஆகையால் அச்சிட்ட பிரதியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வருதலே முதியோரின் வழக்கம். அவரது இந்தியக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் பதுளை என்று இருக்கும். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் பிறந்த ஊரைக் காணல் என்று ஒரு வகை இல்லை. சுற்றுலா என்பதன் கீழேயே அவர் முப்பது நாளுக்கு அனுமதிக்கப்படுவார்.